பதினாலு அங்குலத் தட்டு

ஈயக்கை என்றால் ஆலை வாசலில் எல்லாருக்கும் தெரியும். சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பழுதான எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவில் அவளுக்கு வேலை. சூட்டுக்கோலை வைத்து ஈயத்தை உருக்கி, செத்துப்போன உறுப்பைப் பிடுங்கி, புதிதை வைத்து மறுபடி ஈயம் வைக்க வேண்டும். போர்டின் முதுகில் மயிரிழை மாதிரிச் செம்புக்கோடுகள் ஓடும். ஒன்று பிய்ந்து வந்தால் போர்டு குப்பைக்கு. அவள் கையில் பிய்ந்ததே இல்லை என்று சொன்னால் பொய். பிய்ந்தது. மற்றவர்களைவிடக் குறைவாகப் பிய்ந்தது. பட்டப்பெயர் அதற்குத்தான்.

ஆனால் எந்த உறுப்பு செத்தது என்று அவளுக்குத் தெரியாது. அது நெட்டையின் வேலை. நெட்டை பக்கத்து நாற்காலிக்காரி. பெயர் வந்த காரணம் ஆளைப் பார்த்தாலே தெரியும். வாசற்படியில் தலை குனிந்துதான் நுழைவாள். மீட்டரின் முனையை இங்கே ஒரு தொடு தொடுவாள், அங்கே ஒரு தொடு தொடுவாள், உதட்டைப் பிதுக்குவாள், இன்னொரு தொடு. "இவன்தான்டி திருடன்" என்பாள். அந்தத் திருடனை ஈயக்கை பிடுங்குவாள். ஒருத்தி கண், ஒருத்தி கை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். பிரித்தால் இரண்டு அரை ஆள்.

உட்காரும் முறையும் அப்படித்தான் அமைந்தது. நெட்டைக்கு இடக்கைப் பழக்கம். அவள் இடப்பக்கம், ஈயக்கை வலப்பக்கம். வேலை செய்யும் கைகள் இரண்டும் வெளிப்பக்கம் போய்விட, நடுவில் இரண்டு கை சும்மா இருக்கும். அந்த இரண்டு கையும் ஆளுக்கொரு பக்கமாகப் போர்டைப் பிடித்துக்கொள்ளும். போர்டு அசையாது. எந்த எஞ்சினியரும் கற்றுக்கொடுத்த முறை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது.

அந்த மேசைதான் சனியன். உயரமான ஆண்களுக்காக எப்போதோ போட்ட மேசை, முப்பத்தோரு அங்குல உயரம். நெட்டைக்குப் பொருந்தியது. ஈயக்கைக்கு முகவாய் இடித்தது. நாற்காலியில் மெத்தை, காலுக்குக் கீழே மரப்பெட்டி, அப்படியும் தோளைத் தூக்கினால்தான் கை மேலே வரும். வீட்டுக்கு வந்த பிறகும் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். "தோளைக் கழட்டி ஆணியில மாட்டும்மா" என்பார் அவள் புருஷன்.

பிறகு ஆலைக்காரர்கள் பிரிவையே மூடினார்கள். பழுது வேலையை வெளியே கொடுக்கப் போகிறார்களாம். யாருக்கு? அதே பிரிவின் சூப்பர்வைசருக்கு. பெண்கள் கழிப்பறைக்குப் போனால்கூட கடிகாரத்தை அழுத்திக்கொண்டு நிற்பவன். ஸ்டாப்வாட்ச் என்பது அவனுக்கு வைத்த பெயர். ராத்திரியோடு ராத்திரியாக அவன் காண்ட்ராக்டர் ஆகிவிட்டான். திட்டம் எளிது. போர்டுகளை நீல நிற பிளாஸ்டிக் டிரேக்களில் அடுக்கி வீடு வீடாக அனுப்புவான். அதே பெண்கள், அதே வேலை, பாதிக் கூலி. மின்சாரம் உன்னது, மேசை உன்னது, முதுகுவலியும் உன்னது.

கடைசி நாள் வாசலில் எல்லாரும் நின்றார்கள். நெட்டைதான் பேசினாள். எல்லார் தலைக்கும் மேலே அவள் தலை தெரிந்தது.

"எவ வீட்டுக்குள்ளயும் அந்த நீல டிரே நுழையக் கூடாது. நுழைஞ்சா நாம எல்லாரும் நாசம். நமக்குக் கையில தொழில் இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா சேருவோம், சொந்தமா மேசை போடுவோம், ஊர்ல பழுதாகற சாமானுக்கா பஞ்சம்?"

கை தட்டினார்கள். ஈயக்கை தட்டவில்லை, அவள் கையை நெட்டை பிடித்துத் தூக்கி வைத்திருந்தாள்.

ஈயக்கையின் வீட்டில் பின்னறை ஒன்று உண்டு. ஒற்றை ஜன்னல், ஒரு மூலையில் ஈரம் பூத்த சுவர். அவள் புருஷன் தையல்காரர். கடைகளுக்குச் சட்டை வெட்டித் தைத்துக் கொடுப்பவர். அவருடைய துணி மூட்டைகள் அந்த அறையில்தான் இருந்தன. அறை வேண்டும் என்று அவள் கேட்டதும் மூட்டைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். மிச்சம் கட்டிலின் மேல் ஏறியது.

"பரவாயில்ல, மூட்டைக்கும் எனக்கும் நடுவுல எடம் இருந்தா நீயும் வந்து படுத்துக்க" என்றார்.

நெட்டை வந்தாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். சுவரை ஒட்டக் கூடாது, இரண்டு அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். ஒயர் இறங்கவும் வேண்டும், ஈரம் ஏறாமலும் இருக்க வேண்டும். முன் விளிம்பில் கால் அங்குலத்துக்கு ஒரு பட்டை, உருளும் திருகாணி தரைக்குப் போகாமல் இருக்க. பிளக் சொருகும் பலகை எங்கே என்பதில் சண்டை. சுவரில் என்றாள் ஈயக்கை.

"சுவத்துல வச்சா, சொருகும்போதெல்லாம் சூட்டுக்கோலைத் தாண்டிக் கை போகணும். ஒரு நாளைக்குக் கை வெந்து போகும்" என்றாள் நெட்டை. "முன்னாடி, மேசை விளிம்புக்கு அடியில வைடி."

"முன்னாடி வச்சா முழங்கால் இடிக்கும்."

"உன் முழங்கால் எங்க அவ்வளவு தூரம் வருது?"

தையல்காரர் சிரித்ததில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்தது. அப்புறம் மூன்று பேரும் ஊசி தேடினார்கள்.

உயரம்தான் பெரிய விஷயம். தையல்காரரின் நாடா கழுத்திலேயே இருந்தது. ஈயக்கையை நாற்காலியில் உட்கார வைத்து, தோளைத் தட்டி இறக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார்.

"எத்தனை வருஷமா உனக்கு ரவிக்கை தைக்கிறேன், இந்த அளவு எடுத்ததே இல்ல பாரு" என்றார். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, இருபத்தேழு அங்குலம். நெட்டைக்கு முப்பது.

மூன்று அங்குல வித்தியாசம். ஒரே மட்டமாகப் போட்டால் ஒருத்திக்குத் தோள் போகும், அல்லது இன்னொருத்திக்கு முதுகு போகும். யோசித்து யோசித்து ஈயக்கைதான் சொன்னாள், மேசையையே படியாகப் போடலாம் என்று. இடப்பாதி முப்பது, வலப்பாதி இருபத்தேழு. போர்டு படியின் ஓரத்தில் கீழ்ப்பக்கம் இருக்கும். நெட்டையின் கை மேலேயிருந்து இறங்கி வந்து பிடிக்கும். வருமா என்று பார்க்கத் துணி மூட்டைகளைத் திரும்ப இழுத்து அடுக்கி, மேலே பலகை வைத்து, இருவரும் உட்கார்ந்து, நடுவில் ஒரு பழைய போர்டைப் பிடித்துப் பார்த்தார்கள். வந்தது. ஒரு மூட்டை சரிந்து நெட்டையின் மடியில் விழுந்தது. அதையும் தாண்டி வந்தது.

தச்சர் அளவைக் கேட்டுவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"மேசை கேட்டீங்களா, மாடிப்படி கேட்டீங்களா தங்கச்சி?"

"ரெண்டு பேர் உக்கார மேசைண்ணே. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை."

"எனக்கென்ன? நாளைக்கு நாலு பேர் சிரிச்சா இத நான் செஞ்சேன்னு சொல்லிடாதீங்க."

தட்டுகளும் பேசி முடித்தார்கள். மேசைக்கு மேலே பதினாறு அங்குலத்தில் ஒரு நீளத் தட்டு, அலை காட்டும் ஸ்கோப்பும் மின்சாரப் பெட்டியும் வைக்க. இடப்பக்கச் சுவரில் அடுக்குத் தட்டு, ஒன்பது அங்குல ஆழம். சின்னச் சின்னப் பெட்டிகளில் உறுப்புகளைப் பிரித்துப் போட அது போதும். ஆழம் கூடினால் உள்ளே போனது வெளியே வராது என்று நெட்டையே சொன்னாள்.

தச்சர் கால்களை அறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் நெட்டை தனியாக வந்தாள். தையல்காரர் மெஷினில் இருந்தார். அவள் நேரே பின்னறைக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஈயக்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"படி வேணாம்டி" என்றாள் நெட்டை.

"ஏன்?"

"ஒரே மட்டமா போட்டுடு. உன் உயரத்துக்கே."

"உனக்கு?"

"எனக்குக் குனிஞ்சா ஒண்ணும் ஆகாது. இத்தனை வருஷம் நீ தோளைத் தூக்கிட்டு உக்காந்திருந்த. நான் ஒரு நாளாவது கேட்டிருப்பேனா, வலிக்குதாடின்னு? இனிமே நான் குனியறேன்."

ஈயக்கை சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்தாள். "முதுகு போயிடும்டி" என்றாள்.

"போனா போகுது. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி முதுகுக்கு ஒரு ஒட்டுப் போட்டுக்கறேன்." நெட்டை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "அப்புறம் அந்த அடுக்குத் தட்டு. ஒன்பது பத்தாது. பதினாலு வை. தட்டுக்குத் தட்டு ஆறு அங்குலம் இடைவெளி."

"நீதானே ஆழம் கூடாதுன்ன?"

"பெரிய போர்டெல்லாம் வரும்ல. டிவி போர்டு, அது இது. எங்க வைப்ப, தலையிலயா?"

சரியாகத்தான் பட்டது. ஈயக்கை சரி என்றாள். தனக்காகக் குனிகிறேன் என்றவள் கேட்கும்போது இவள் வேறென்ன சொல்வாள்?

நெட்டை போன பிறகு புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "குனியறது சரி. அந்தப் பதினாலு யாரோட அளவு?"

"என்ன யாரோட அளவு? தட்டோட அளவு."

"சட்டைக்கு அளவு கொடுக்கறவன் யாருக்குச் சட்டைன்னு சொல்லுவான். பதினாலு, ஆறுன்னு டக்குனு வருதுன்னா எதையோ அளந்துட்டு வந்திருக்கா. எதை?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் நாடாதான்" என்றாள் அவள். அவர் மெஷினை மிதித்தார். விஷயம் அதோடு நின்றது.

தச்சரிடம் போய் அவளே தன் வாயால் மாற்றிச் சொன்னாள். இடப்பக்கக் கால் இரண்டையும் மூன்று அங்குலம் குறைக்கச் சொன்னாள். பதினாலு என்றாள், ஆறு என்றாள். தச்சர் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். இரண்டு மரக்கட்டைகள் தரையில் விழுந்தன, மூன்று அங்குலக் கட்டைகள், நல்ல கெட்டி மரம். ஈயக்கை குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"அதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"சும்மாண்ணே."

சும்மா இல்லை. நெட்டை தனக்காக விட்டுக்கொடுத்த மூன்று அங்குலம் அது. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து வைத்தாள்.

மேசை வந்தது. வாசலில் நுழையாமல் அடம்பிடித்து, கதவைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, தையல்காரரின் கால் விரலை நசுக்கி உள்ளே போனது. தட்டுகள் சுவரில் ஏறின. அந்த இரண்டு கட்டைகளையும் மேசைக்கு மேலிருந்த நீளத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையை மேலே வைத்தாள்.

தோள் இறங்கியது. யாரும் தட்டி இறக்கவில்லை. காலுக்குக் கீழே பெட்டி இல்லை, தரை இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு மேசை அவளை அதட்டாமல் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதற்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். குனிகிறவளுக்கு இடுப்பில் ஒரு தாங்கல் வேண்டுமே.

நெட்டை வரவில்லை. சொல்லி அனுப்பினாள், சளியாம். பிறகு மகளுக்குப் பள்ளியில் ஏதோ வேலையாம். பிறகு வீட்டில் குழாய் உடைந்ததாம். ஈயக்கை நம்பினாள். குழாய் உடையாத வீடா?

வந்தபோது நெட்டை வேனில் வந்தாள். முன் இருக்கையிலிருந்து தலையைக் குனிந்து இறங்கினாள். வேன்காரர் பின்கதவைத் திறந்தார். ஈயக்கை ஜன்னல் வழியே பார்த்தாள். ஸ்கோப் கொண்டுவருகிறாள் என்று நினைத்தாள். பழைய ஸ்கோப் ஒன்று விலைக்கு வருகிறது என்று முன்பு பேசியிருந்தார்கள்.

"என்னடி, சிம்மாசனத்துல உக்காந்தாச்சா?" நெட்டையின் குரல் முன்னால் வந்தது. பின்னால் வேன்காரர் வந்தார். அவர் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக நீல டிரே.

ஈயக்கை எழுந்திருக்கவில்லை. நெட்டை வேகவேகமாகப் பேசிக்கொண்டே மேலேயிருந்த டிரேயை எடுத்தாள். ஆலையிலும் டிரேயை எடுத்து வைப்பது அவள்தான். ரேக் உயரம், குட்டைக்கு எட்டாது. அத்தனை வருஷத்தில் ஈயக்கை அந்த டிரேயைக் கண்ணால் பார்த்திருக்கிறாள், இரண்டு கையால் தூக்கியதில்லை. நெட்டையின் கைக்கு அதன் அளவு மனப்பாடம்.

நெட்டை டிரேயை அடுக்குத் தட்டில் வைத்துத் தள்ளினாள். அது போனது. மேலே இடிக்கவில்லை, முன்னால் துருத்தவில்லை. உள்ளே சுவரில் 'டக்' என்று முட்டி நின்றது. டிரேயின் விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும் இடம் இருந்தது. டிரேயைப் பிடித்து இழுக்க வேண்டிய நாலு விரல்.

தையல்காரர் வாசலில் வந்து நின்றிருந்தார். யாரும் கேட்கவில்லை. கழுத்து நாடாவை எடுத்து, வேன்காரர் கையிலிருந்த டிரேயின் மேல் வைத்தார். "பதிமூணே முக்கால்" என்றார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நாடா அளந்த பிறகு கழுத்துக்குத் திரும்பாமல் ஈயக்கை பார்த்ததில்லை.

"வேன்காரரே, மிச்சத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள் நெட்டை.

"நில்லுங்க" என்றாள் ஈயக்கை.

அவர் நின்றார்.

"வாசல்ல என்னடி சொன்ன நீ?"

"வாசல்ல சொன்னது வாசலோட போச்சு. வயிறு வாசல்லயா நிக்குது? வீட்டுக்குள்ள வந்துடுச்சுல்ல?" நெட்டை நாற்காலியில் உட்காரப் போனவள் உட்காரவில்லை. "ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டு அனுப்பினான். குறை கண்டுபிடிக்க ஆள் இல்லாம அவனும் முழிச்சிட்டு இருந்தான். என்னை லைன் பாக்கச் சொல்லிட்டான், குறை கண்டுபிடிச்சு வீடு வீடா டிரே அனுப்பற வேலை. மாசச் சம்பளம். நான் என்ன பண்ணட்டும், மகளுக்குப் பசிச்சா உன் மேசையைக் காட்டட்டுமா?"

"எப்பக் கூப்பிட்டான்?"

நெட்டை தட்டிலிருந்த டிரேயை இன்னும் உள்ளே தள்ளப் பார்த்தாள்.

"படி வேணாம்னு வந்தியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடின்னா என்ன, பின்னாடின்னா என்ன?"

"நீ இங்க உக்காரவே போறதில்ல. அதான் குனிய ரெடியா இருந்த."

பிறகு நெட்டை குரலை இறக்கினாள். கெஞ்சுகிற குரல் இல்லை. லைன் பார்க்கிறவளின் குரல். அதற்குள் வந்துவிட்டிருந்தது.

"உனக்காகவும்தான்டி. கோவிச்சுக்காத, உண்மையைச் சொல்றேன். தனியா உன்னால முடியாது. உனக்குக் குறை கண்டுபிடிக்க வராது. அங்க உக்காந்து நான் கண்டுபிடிச்சுச் சிவப்புப் புள்ளி ஒட்டி அனுப்பறேன். நீ இங்க பிடுங்கி மாத்து. ஒருத்தி கண்ணு, ஒருத்தி கை. முன்ன மாதிரியேதான்."

"முன்ன நீ என் பக்கத்துல உக்காந்திருந்த. இப்ப என் தலைமேல உக்காந்திருக்க."

"பேசு, பேசு. உன் உயரத்துக்கு ஒரு மேசை இந்த ஜென்மத்துல யாரு போட்டுக் கொடுத்தா? நான்தானே?"

உண்மைதான். ஏமாற்றியவளுக்கு அவளுடைய தோள்வலி தெரிந்திருந்தது. எங்கே அழுத்தினால் உருகும் என்று தெரிந்து அங்கே சூடு வைத்திருக்கிறாள். ஈயக்கையே அப்படித்தான் வேலை செய்வாள்.

"இன்னும் எத்தனை வீட்டுல பதினாலு அங்குலத் தட்டு இருக்கு?"

"அஞ்சு வீடு."

"எல்லார்கிட்டயும் குனியறேன்னா சொன்ன?"

நெட்டை ஜன்னலைப் பார்த்தாள். "உன்கிட்ட மட்டும்தான்."

மற்ற எதையும் ஈயக்கை தாங்கியிருப்பாள். எழுந்து அடுக்குத் தட்டுக்குப் போனாள். நாலு விரலை அந்த இடைவெளியில் விட்டு டிரேயை இழுத்தாள். வழுவழுவென்று வந்தது, தச்சர் நன்றாகத்தான் இழைத்திருந்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வேனின் தரையில் வைத்தாள். பாரம் இவ்வளவா என்று இருந்தது. வேன்காரர் மற்றதை எடுத்து வந்து அதன் மேல் வைத்தார்.

"நாலு நாள்ல நீயே ஆள் அனுப்புவ பாரு" என்றாள் நெட்டை.

"தலையைப் பாத்து" என்றாள் ஈயக்கை. பழக்கம். வாசற்படியில் அவள் நுழையும்போதும் போகும்போதும் சொல்லிச் சொல்லி வந்த சொல். நெட்டை குனிந்து போனாள்.

சாயங்காலம் தையல்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "நான் உனக்கு எதிரா சொல்லல. ஆனா யோசிச்சுக்க. கொஞ்ச நாள் வாங்கிச் செஞ்சு பாத்துட்டு, அப்புறம்..."

"அன்னிக்கு யாரோட அளவுன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"ஸ்டாப்வாட்சோட அளவு. அவன் சட்டையை நம்ம வீட்டுல மாட்டி வச்சிருக்கேன்."

அவருக்கும் பயம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார்.

மற்ற வீடுகளுக்கு ஈயக்கை நடந்தே போனாள். இரண்டு வீட்டில் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஏற்கெனவே டிரே நிறைந்திருந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்காமல், "நீ சொல்லுவக்கா, உனக்குப் புருஷன் சம்பாதிக்கறாரு" என்றாள். ஐந்தாவது வீட்டில் திட்டினார்கள். டிரேயைத் திருப்பி அனுப்பிய வீடு கடைசியில் ஒன்றே ஒன்று, அவளுடையதையும் சேர்த்தால் இரண்டு. வாசலில் தட்டிய கைகள் எத்தனை என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

தச்சரை வரச் சொன்னாள்.

"இந்த அடுக்குத் தட்டெல்லாம் ஒன்பது அங்குலமா அறுத்துக் கொடுங்கண்ணே."

"என்ன தங்கச்சி விளையாடறீங்களா? போட்டு மாசம்கூட ஆகல. நல்ல பலகை. இருந்துட்டுப் போகட்டுமே, என்ன சோறா கேக்குது?"

"கேக்குதுண்ணே. அறுங்க."

அவர் கழற்றி, கோடு போட்டு, அறுத்தார். ஐந்து அங்குலப் பட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தையல்காரர் ஒன்றை எடுத்துத் துணியில் கோடு போட நன்றாயிருக்கும் என்று கொண்டுபோனார். தட்டுகள் திரும்பச் சுவரில் ஏறியபோது அறை கொஞ்சம் பெரிதானது மாதிரி இருந்தது. இனி அந்த வீட்டில் நீல டிரே நிற்க இடம் இல்லை. அவளே மனசு மாறினாலும் இல்லை. அதற்காகத்தான் அறுத்தாள், மனசு மாறும் என்று அவளுக்குப் பயம் இருந்தது.

முதல் வேலை பக்கத்து வீட்டு மின்விசிறியின் வேகம் மாற்றும் சின்னப் போர்டு. நெட்டை இருந்திருந்தால் ஒரு பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஈயக்கை மீட்டரின் முனையை இங்கே தொட்டாள், அங்கே தொட்டாள். எல்லாரும் யோக்கியர்களாக இருந்தார்கள், திருடன் சிக்கவில்லை. மறுநாளும் தொட்டாள். கடைசியில் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் பிடுங்கி மாற்ற முடிவு செய்தாள். முட்டாள்தனமான வழி. கை இருந்தது, கண் இல்லை. கை தெரிந்த வழியில்தானே போகும்?

அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. வலது கையில் சூட்டுக்கோல், இடது கையால் போர்டைப் பிடித்தாள். போர்டு நழுவியது. இறுக்கிப் பிடித்தாள், அந்தப் பக்கம் தூக்கியது. அந்தப் பக்கம் பிடிக்க ஒரு கை இருந்தது என்பதையே அவள் இத்தனை வருஷம் தனியாக நினைத்ததில்லை. தன் கை மாதிரி இருந்திருக்கிறது. மூன்றாவது தடவை நழுவியபோது ஒரு செம்புக்கோடு பிய்ந்து வந்தது. சூட்டுக்கோலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தச்சர் மறந்துவிட்டுப்போன உளியை எடுக்க வந்தார். பார்த்தார்.

"போர்டைப் பிடிக்க ஒரு பிடி வேணும் உங்களுக்கு. ரெண்டு கட்டை இருந்தா நடுவுல போர்டு சொருக ஒரு காடி எடுத்து, ஒண்ணை மேசையோட திருகிட்டு, இன்னொண்ணைத் தள்ளற மாதிரி வச்சிடலாம். நடுவுல போர்டு நிக்கும்." சுற்றிலும் பார்த்தார். நீளத் தட்டின் ஓரத்தில் கண் நின்றது. "அதான் இருக்கே. நல்ல கெட்டி மரம்."

நெட்டை பக்கத்துக் காலிலிருந்து அறுத்த அந்த இரண்டு கட்டைகள். தூக்கி எறிய வேண்டும் என்று தினம் நினைத்தாள். எறியவில்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

தச்சர் கையில் எடுத்துத் தூசியை ஊதினார். "அறுக்கலாமா?"

முன்னறையில் மெஷின் நின்றது.

"அறுங்க" என்றாள்.

வாசலில் உட்கார்ந்து அறுத்தார், உளியால் காடி எடுத்தார். உள்ளே கொண்டுவந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"எங்க திருகணும்? இங்கேருந்து எவ்வளவு தள்ளி?"

தையல்காரர் நாடாவோடு வந்தார். வேண்டாம் என்றாள் ஈயக்கை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். போர்டை வைத்து, தன் இடது கையால் அதன் இந்த ஓரத்தைப் பிடித்தாள். அந்த ஓரத்துக்கு அப்பால், இன்னொரு கை வந்து இறங்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி அங்கே புள்ளி வைத்தாள்.

"இங்க."